ஆக்சிலேட்டரோடு ஊளையிடும் ஸ்டீரியோ: வேலைக் குறிப்புகள்

மார்ச் 4

காரில் புது ஸ்டீரியோ செட்டும், அதன் ஒலியைப் பெருக்க நாலு சேனல் ஆம்பும் (ஆம்பிளிஃபயர்) பொருத்தியாயிற்று. எஞ்சின் ஓடாதபோது ஒலி சுத்தம். ஸ்டார்ட் செய்ததும் ட்வீட்டரில் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) ‘ஊய்ங்’. ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. இது ஆல்டர்னேட்டர் ஊளை: எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஜெனரேட்டரின் சத்தம். ‘டிக் டிக்’ என்று கேட்டால் இக்னிஷன் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகத்தைச் சட்டை செய்யாமல் ஒரே ‘உஸ்’ஸாக இருந்தால் பெரும்பாலும் ஆம்பின் கெயின் (உள்ளே வருவதை எவ்வளவு பெருக்குவது என்கிற திருகு) அதிகம்.

சுருதி ஏறுவதற்குக் கணக்கு இருக்கிறது. 12 காந்த முனை உள்ள ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு சுற்றுக்கு 36 முறை சிற்றலையாக ஏறி இறங்கும். எஞ்சின் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் 2.5 (எஞ்சினின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் இரண்டரைச் சுற்று) என்றால் 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2000-க்குப் போனால் 3000 ஹெர்ட்ஸ். காது கூர்மையாகக் கேட்கிற இடமே அதுதான். சில மில்லிவோல்ட் கசிந்தாலே எரிச்சல்.

இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இப்போது வேண்டாம். ஒழுகும் இடம் தெரியாமல் ஓடு மாற்றுகிற வேலை அது.

மார்ச் 5

முதலில் பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட். 1500 ஆர்பிஎம்மில் 0.03. அரை வோல்ட் அளவுக்குக் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கலாம். அப்படியானால் ஸ்டீரியோவைத் தொடுவதில் அர்த்தமில்லை.

வால்யூமை அடியோடு இறக்கினாலும் ஊளை குறையவில்லை. ஆக, நுழைவது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு. அடுத்து, ஆம்பை அணைத்து, செட்டிலிருந்து ஆம்புக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றி, ஆம்பின் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக். கடையில் தேட வேண்டியதில்லை: ஆர்சிஏ பிளக்கின் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் சால்டர் செய்தால் போதும். ஆம்ப் இன்புட்டில் மட்டும். செட்டின் அவுட்புட்டில் செருகக் கூடாது.

ஆம்பை மறுபடி ஓட விட்டால் நிசப்தம். ஆம்பும் ஸ்பீக்கர் ஒயரும் குற்றவாளி இல்லை. ஊளை ஆர்சிஏ வழியாக வருகிறது.

மார்ச் 6

எர்த். மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பது வீண். அதன் புரோப் ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும். எஞ்சினும் பாட்டும் ஓடும்போது டிசி வோல்ட்டில் பார்க்க வேண்டும். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஆம்பின் எர்த் முனைக்கு 0.38 வோல்ட். 0.1-க்குள் இருக்க வேண்டியது. அதே நெகட்டிவிலிருந்து பாடியின் வெறும் தகட்டுக்கு 0.04 மட்டும். அப்படியானால் பேட்டரி-பாடி பட்டை நன்றாக இருக்கிறது. இழப்பு ஆம்ப் எர்த் போல்ட்டில்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் திறந்தால், லக் (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) உட்கார்ந்திருப்பது பெயின்ட் மேல். மரைகள் வழியாக மட்டும் தொடர்பு. எம்8 போல்ட்டைச் சுற்றி லக் அகலத்துக்குத் தகடு மின்னும்வரை உப்புத்தாள். தகடு, லக், பல் வாஷர், போல்ட் என்ற வரிசை. இறுக்கிய பிறகு மேலே பெயின்ட், முன்னால் அல்ல. எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே தடிமன், நீளம் 45 சென்டிமீட்டருக்குள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பது கூடவே கூடாது. புதுத் துளை போடுவதானால் அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு.

மறுபடி அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள். ஊளை முக்கால்வாசி போயிற்று. கால்வாசி மிச்சம்.

மார்ச் 8

மிச்சத்துக்குக் காரணம் முந்தாநாள்வரை இருந்த அதே கெட்ட எர்த்தாக இருக்கலாம். ஆம்பின் கரண்ட் எர்த் வழியாகத் திரும்ப முடியாதபோது ஆர்சிஏ ஷீல்டு (கேபிளின் வெளிப் பின்னல்) வழியாகச் செட்டுக்குள் போய்த் திரும்பும். சில செட்டுகளில் அந்த வழியில் அரிசி மணி அளவு ஒரு பியூஸ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது எரிந்தால் பாட்டு நிற்காது, ஷீல்டு மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

கேபிளைக் கழற்றி, ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் செட்டின் உலோக உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்புச் சோதனை: பஸ்ஸர் அடிக்கவில்லை. வெறும் செப்புக் கம்பியை வளையத்தில் சுற்றி, கேபிளை மறுபடி செருகி, கம்பியின் மறுமுனையைச் செட்டின் உடலில் பிடித்தால் ஊளை சட்டென்று அறுந்தது.

கம்பியை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த முறை எர்த் தளர்ந்தால் பியூஸுக்குப் பதில் போர்டின் செப்புத் தடம் எரியும். அதே அளவு பியூஸையே மாற்றியாயிற்று. ஆர்சிஏவைச் செருகுவது, பிடுங்குவது எல்லாம் பவர் இல்லாதபோது மட்டும்.

மார்ச் 9

பவர் ஒயர் இடப்பக்கம், ஆர்சிஏ வலப்பக்கம். குறுக்கிட வேண்டிய ஒரே இடத்தில் 90 டிகிரி.

செட்டின் ‘ஆக்ஸ்’ துளையில் போனை ஒயரால் இணைத்து, அதே காரில் சார்ஜரும் செருகினால் மெல்லிய ஊளை திரும்புகிறது. போனுக்குள் இரண்டு எர்த் சேர்ந்து வளையமாகிவிடுகிறது. இந்த ஓரிடத்தில்தான் ஐசொலேட்டர் (எர்த்தைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) நியாயம். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் மலிவானது அடி பேஸைத் தின்றுவிடும். புளூடூத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

மார்ச் 12

கெயின் கடைசி வேலை. அடியோடு இறக்கி, செட்டின் வால்யூம் முக்கால், ஈக்வலைசர் சமம். ஒலி உடையத் தொடங்கும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கல். ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்டு 3000 ஆர்பிஎம்மில், பாட்டை நிறுத்திவிட்டு, காதை ட்வீட்டரில் வைத்தால் லேசான ‘உஸ்’ மட்டும். எர்த் போல்ட்டை ஒரு மாதம் கழித்து மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.