மரப்பொம்மையோடு நாகர்கோவிலுக்கு

எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து மகள் மடியில் 'பினோக்கியோ' புத்தகம், உயிர் பெற்ற ஒரு மரப்பொம்மையின் கதை. ஒன்பது வயது. மூன்றாம் முறையாக வாசிக்கிறாள். அவளை அந்தப் புத்தகத்துக்குள் இழுத்துப் போனது ஓர் ஓபரா, மேற்கத்திய இசை நாடகம்.

அரையாண்டு விடுமுறையின் ஒரு மழை நாளில், ஜொனாதன் டவ் இசையமைத்த பினோக்கியோ ஓபராவின் பதிவை வீட்டில் போட்டேன். 2007 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஓபரா நார்த் குழு முதன்முதலாக மேடையேற்றியது. அலஸ்டேர் மிடில்டன் எழுதியது. தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு. சண்டை, அழுகை, பொய், மன்னிப்பு எல்லாமே பாட்டு. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நரியும் பூனையும் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன்கள் கழுதைகளாக மாறியபோது அழுதாள். குழந்தைகளுக்கானதுதானே என்று அவர்கள் எதையும் மெலிதாக்கவில்லை. வாத்தியக் குழு முழுதாக இருந்தது, பயமும் முழுதாக இருந்தது. அதற்காகவே எனக்கு அந்த ஓபரா பிடித்துப்போயிற்று.

அவள் கேட்ட முதல் கேள்வி, "பினோக்கியோவாக ஏன் ஒரு அக்கா பாடுகிறாள்?"

அவ்வை சண்முகத்தைப் பற்றிச் சொன்னேன். டி.கே. சண்முகம் என்ற ஆண் கிழவி ஔவையாராக நடித்து, அந்தப் பாத்திரத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை. நம் ஊர்ப் பழைய நாடக மேடையிலும் பாட்டுத்தான் வசனம் என்று சொன்னேன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் சிறுவயதிலேயே அந்த மேடைகளைத் தேடிப் போனவர் என்றும் சொன்னேன். "அப்படியென்றால் நாகர்கோவில் போகலாம்" என்றாள். இந்தப் பயணம் இப்படித்தான் தொடங்கியது.

காலையில் இறங்கியதும் வடசேரியில் பஸ் பிடித்துத் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஓரிடத்தை மட்டும் சொல்கிறேன். நவராத்திரி மண்டபம். முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய கருந்தரை, கல் தூண்கள், அரச குலப் பெண்கள் மறைவாக இருந்து ஆட்டமும் பாட்டும் கண்ட துளையிட்ட தடுப்பு. மகள் அந்தத் துளைகளில் கண்ணை வைத்து வெகுநேரம் நின்றாள். ஆடுவதற்கு யாருமில்லாத மண்டபத்தில் என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் முட்டம். பாறைகளையும் கலங்கரை விளக்கத்தையும் பிறகு பார்க்கலாம் என்று முதலில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கூடையில் கை நீளத்துக்கு ஒரு சுறாக் குட்டி. மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சினிமா பார்த்தவர்கள் எல்லாரும் பினோக்கியோவின் அப்பாவை விழுங்கியது திமிங்கலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூலக் கதையில் கார்லோ கொலோடி எழுதியது சுறா. வாலைச் சேர்க்காமலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அதன் வயிற்றுக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவரை மகன் கண்டுபிடிக்கிறான். இதை மகள் அந்தக் கூடைக்குச் சொந்தக்கார அம்மாவிடம் சொன்னாள்.

"ஒரு கிலோமீட்டரா? அதைக் கரைக்கு எப்படிக் கொண்டுவருவது மக்களே?" என்று அந்த அம்மா நிஜமான அக்கறையோடு கேட்டார்.

அன்று இரவு பார்த்தது தோல்பாவைக்கூத்து. நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊரில், கோயில் கொடைக்கு வந்திருந்த குழு. குமரி மாவட்டத்தில் இக்கலையைக் காத்து வருகிறவர்கள் மண்டிகர் சமூகத்தார். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். நாகர்கோவில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் பல ஆண்டுகள் இவர்களோடு பழகி எழுதியதை வாசித்திருந்ததால், வெள்ளைத் துணிக்குப் பின்னால் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

விளக்கு ஏறியது. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. திரையில் சிவப்பும் பச்சையுமாக ஒளி ஊடுருவும் ஆட்டுத்தோல் உருவங்கள். முதலில் கோமாளிப் பொம்மைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்ப் பேச்சுப் பேசினார்கள். பிள்ளைகள் கூட்டம் உருண்டது. பிறகு மயில்ராவணன் கதை. இராமனையும் இலட்சுமணனையும் காக்க அனுமன் தன் வாலையே கோட்டையாகச் சுற்றி வைக்கிறான். அதையும் ஏமாற்றி அவர்களைப் பாதாளத்துக்குத் தூக்கிப் போகிறான் மயில்ராவணன். அனுமன் தேடிப் போகும் வாசலில் காவல் நிற்கிறான் மச்சவல்லபன். அனுமனின் வியர்வைத் துளியை விழுங்கிய மீனுக்குப் பிறந்தவன். அப்பன் யார், மகன் யார் என்று தெரியாமல் இருவரும் மோதுகிறார்கள். பொம்மைகள் ஒன்றையொன்று அறையும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து பலகை அதிரும் சத்தம்.

உண்மை தெரிந்ததும் சண்டை நின்றது. அனுமனின் குரல் தாழ்ந்து ஒரு பாட்டு. எனக்கு அந்த ராகத்தின் பெயர் சொல்லத் தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மகள் என் காதில், "மீனுக்குள்ளே அப்பா, மீனுக்குள்ளே மகன்" என்றாள். அந்த இணைப்பு எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பாடுவது பொம்மை என்பதிலோ, பேச வேண்டியதை ஏன் பாடுகிறார்கள் என்பதிலோ அங்கிருந்த எந்தக் குழந்தைக்கும் சந்தேகம் வரவில்லை. ஓபரா என்றதும் பெரியவர்களான நாம்தான் தயங்குகிறோம். மொழி தெரியாதே, பழக்கமில்லையே என்கிறோம். பாட்டு வந்ததும் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். லீட்ஸ் அரங்கின் வாத்தியக் குழுவானாலும் இங்கே ஒற்றை ஆர்மோனியமானாலும் அவர்களுக்கு வித்தியாசமில்லை.

முடிந்ததும் திரைக்குப் பின்னால் போக அனுமதி கேட்டோம். ஒரே ஒரு பெரியவர், வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். இராமன், அனுமன், மயில்ராவணன், உச்சிக்குடும்பன் அத்தனை குரலும் அவருடையது. பொம்மைகளை எடுத்துக் கொடுத்து, பின்பாட்டும் பாடியவர் அவர் மனைவி. மகள் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, "இதுவும் பொம்மைக் கதைதான் தாத்தா" என்றாள்.

"சொல்லுங்கள் மக்களே, கேட்கிறேன்" என்றார். சொன்னாள். பொம்மலாட்டக் கூடத்தின் பொம்மைகள் பினோக்கியோவைத் தம்பி என்று கூப்பிடும் இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. கதை 1881இல் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தபோது, பினோக்கியோவை மரத்தில் தூக்கிலிட்டதோடு கொலோடி முடித்துவிட்டார் என்றும், வாசகர்கள் விடாததால்தான் மறுபடி எழுதினார் என்றும் நான் நடுவில் சொன்னேன். "இங்கேயும் அப்படித்தான். நல்லதங்காள் நடத்தினால் பிள்ளைகளைக் கிணற்றில் போட விடமாட்டார்கள், எழுந்து நின்று சத்தம் போடுவார்கள்" என்றார் அவர் மனைவி.

கடைசியில் பினோக்கியோ நிஜப் பையனாகிவிட்டான் என்று மகள் முடித்தாள். பெரியவர் அனுமனின் கைகளை மடக்கி, மற்ற பொம்மைகளோடு பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"பையன் சரி. அந்தப் பொம்மை என்ன ஆனது?"

இத்தனை முறை வாசித்தும் நான் யோசித்துப் பார்க்காத கேள்வி அது. அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விளக்கடியில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள்: "நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறது தாத்தா. தலை ஒரு பக்கம் தொங்கியிருக்கிறது. கால்கள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன."

அவர் கை நின்றது. "அப்படியே விட்டுவிட்டார்களா?" என்று கேட்டார். பிறகு பெட்டிக்குள் அனுமனைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஓரத்தில் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கே கொண்டுவந்திருந்தால் வைத்திருக்கலாமே மக்களே."