எஸ்டிபிஎம் ரிசல்ட் வந்துருச்சு, ஆனா நான் சொல்ல வந்தது என் மனச்சோர்வ டாக்டருக்குப் புரிய வச்ச அந்த 555 நோட்டப் பத்தி

எஸ்டிபிஎம்னா மலேசியால யுனிவர்சிட்டிக்கு முன்னாடி எழுதுற பரீட்சை. நேத்து ரிசல்ட் வந்துச்சு, 4-க்கு 3.42. அம்மா அழுதாங்க, நானும் அழுதேன். செம் 2-ல (ரெண்டாவது செமஸ்டர்) பெங்காஜியான் அம்ங்கிற பொதுப்பாடப் பேப்பர்ல ரெண்டே பக்கம் எழுதிட்டு எந்திரிச்சு வந்தவ நான். படிக்காம இல்ல, செஜாரா (வரலாறு) புக்ல ஒரே பக்கத்த ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டு இருப்பேன், ஒரு வரி உள்ள போகாது. விடியக்காலை மூணரைக்கு முழிப்பு வந்துரும், அப்புறம் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் லாரி சத்தம் கேக்குற வரைக்கும் ஃபேனையே பாத்துக்கிட்டு கெடப்பேன். பாட்டி கண்ணு பட்டுருச்சுன்னாங்க, அம்மா தண்ணீர்மலைக்குக் கூட்டிட்டுப் போய் அர்ச்சனை பண்ணாங்க, நான் என்னைய சோம்பேறின்னே நம்பிட்டேன். மாசக்கணக்குல அப்படியே போச்சு.

பெரிய தப்பு நான் பண்ணது கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் கவர்மென்ட் கிளினிக்ல. ஒரு ரிங்கிட் கட்டி உள்ள போனா மனச்சோர்வு இருக்கான்னு பாக்குற பிஎச்கியூ-9 ஃபாரம் குடுத்தாங்க, ஒன்பது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எத்தன நாள் அப்படி இருந்துச்சுன்னு 0-லேந்து 3 வரைக்கும் போடணும். அம்மா பக்கத்துலயே உக்காந்து என் பேனாவயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தூக்கத்துக்கு மட்டும் 2, மத்ததெல்லாம் 0. பரீட்சை டென்ஷன்தான்னு அனுப்பிட்டாங்க. டாக்டரக் குத்தம் சொல்ல மாட்டேன், நான் எழுதுனதத்தானே படிச்சாங்க.

ஸ்கூல் கவுன்சலிங் டீச்சர்தான், வாய்ல வரலன்னா எழுதிக் கொண்டு போம்மான்னாங்க. மளிகைக் கடைல கடன் எழுதுவாங்களே அந்தச் சின்ன 555 நோட்டு, அதுல ரெண்டு வாரம் எழுதுனேன். “செவ்வாய். 3.40 முழிப்பு. சோறு ரெண்டு வாய். குளிக்கல. தங்கச்சி கூப்ட்டா, பதில் சொல்லல.” அத டாக்டர் மேசைல வச்சேன், ஒரு வார்த்த பேசல. அம்மாவ வெளிய இருக்கச் சொல்லிட்டு திரும்ப ஃபாரம் குடுத்தாங்க. மொத்தம் 27-க்கு 17 வந்துச்சு. 10 வந்தாலே கவனிக்கணுமாம். அப்புறம்தான் மாத்திரையும் தெரபியும் ஆரம்பிச்சுச்சு.

அதனால:
- ஃபாரம் தனியா உக்காந்து நிரப்புங்க. ஒன்பதாவது கேள்வி சாகத் தோணுதான்னு கேக்கும், அதுல மறைக்காதீங்க.
- மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். எனக்கு மொத வாரம் வயித்தப் பெரட்டுச்சு. நீங்களா நிறுத்தாதீங்க.
- ராத்திரில தாங்க முடியலன்னா பெஃப்ரெண்டர்ஸ்ங்கிற உதவி லைனுக்குக் கூப்புடுங்க, 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

தெரபின்னா கதை பேசுறதுன்னு நெனச்சிருந்தேன், வீட்டுப்பாடம் குடுத்தாங்க. மொத வேலை சாயங்காலம் ஃபிளாட்டுக்குக் கீழ எறங்கிட்டு வரணும், அவ்ளோதான். அதுவே மலை மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிபிடின்னு ஒரு தெரபி முறை, மனசுல வர்ற நெனப்ப எழுதி அதுக்கு என்ன ஆதாரம், எதிரா என்ன ஆதாரம்னு கோடு போட்டு பிரிக்கணும். “நான் எல்லாருக்கும் சுமை”ன்னு எழுதுனேன். எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் காலியா இருந்துச்சு, கடைசில “நான் வர்ற வரைக்கும் தங்கச்சி சாப்பிடாம உக்காந்திருக்கா”ன்னு எழுதிட்டு அங்கேயே அழுதுட்டேன். பேசிப் பேசி ஆறுறவங்களுக்கு வேற வழி இருக்கலாம், எனக்கு எழுத்துதான் கை குடுத்துச்சு.

செம் 2 பேப்பர ரிப்பீட் பண்ணேன். மாத்திரை இன்னும் ஓடுது, நல்லாயிட்டாலும் கொஞ்ச மாசம் தொடரணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு அம்மாவும் வர்றாங்க, நான் வெளிய உக்காந்துக்கிறேன்னு அவங்களே சொல்லிட்டாங்க.