எக்ஸ்ஆர்டி வந்துவிட்டது, வைக்கத்தான் அறை இல்லை

கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் கெமிஸ்ட்ரி ஆய்வகம் நடத்துகிறேன். எங்கள் பவுடர் எக்ஸ்ஆர்டி (பொடியில் எக்ஸ்ரே பாய்ச்சி அதன் படிக அமைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி) ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த மாதிரிப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களாவது நான் பட்ட பாடு படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நிதி, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்பின் எம்ஆர்ஐ திட்டத்தில் (பெரிய ஆய்வுக் கருவிகள் வாங்க உதவும் திட்டம்) கிடைத்தது. அதன் முதல் டிராக்கில், அதாவது முதல் பிரிவில், 1 லட்சம் டாலரிலிருந்து 14 லட்சத்துக்குள் கேட்கலாம், ஆனால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு விண்ணப்பம்தான் போக முடியும் என்பதால் முதல் போட்டியே உள்ளுக்குள்தான். 2022 சிப்ஸ் சட்டம் 5 வருடத்துக்கு காஸ்ட் ஷேரை, அதாவது பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, நிறுத்தி வைத்திருப்பது எங்களைப் போன்ற இடங்களுக்குப் பெரிய உதவி. இது வரைக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் பர்ச்சேஸ் ஆபீஸில் தொடங்கியது. நாங்கள் கேட்ட ஹீட்டிங் ஸ்டேஜோடு (சாம்பிளைச் சூடாக்கிக்கொண்டே அளக்க உதவும் பாகம்) சேர்த்து எங்களுக்கு வேண்டிய அமைப்பைத் தருவது ஒரே கம்பெனிதான் என்று சோல் சோர்ஸ் கடிதம் (போட்டி விலை கேட்காமல் ஒரே கம்பெனியிடம் வாங்க அனுமதி கேட்கும் கடிதம்) கொடுத்தோம். அங்கிருந்த அலுவலர் காரணம் எதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பினார். போன் செய்தால் “போர்ட்டலில் பாருங்கள்” என்பார், போர்ட்டலில் “ரிட்டர்ன்ட்” என்ற ஒரு வார்த்தைதான் இருக்கும். கோப்பு அங்கேயே கிடந்ததில் கொட்டேஷன் காலாவதியாகி, புது கொட்டேஷன் கூடுதல் விலையோடு வந்தது. கிராண்ட் தொகை கூடவா செய்யும்? சாம்பிள்களைத் தானாக மாற்றி வைக்கும் சாம்பிள் சேஞ்சரை விட்டுக்கொடுத்துத்தான் கணக்கைச் சரிக்கட்டினோம். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

கடைசியில் வேலை செய்தது இதுதான்: “இந்தக் கருவி சிறந்தது” என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். எந்த வெப்பநிலை வரை வேண்டும், எந்த டிடெக்டர் வேண்டும், அது ஏற்கெனவே ஒப்புதலான விண்ணப்பத்தில் எங்கே இருக்கிறது, மற்ற கம்பெனிகளின் எந்த மாடல் எந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்று அட்டவணையாகப் போடுங்கள். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதை முதலிலேயே பேசி நீட்டித்து வாங்குங்கள்.

அப்புறம் அறை. எம்ஆர்ஐ திட்டம் கருவிக்குப் பணம் தரும், அறையைச் சீரமைக்கத் தராது. எங்கள் கட்டடமோ பழையது, மின் பேனலில் கருவிக்கு வேண்டிய 208 வோல்ட்டுக்கு ஒரு காலி இடம்கூடக் கிடையாது. இதை எங்கள் கவனக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987 முதல் 2020 வரை, 16 மாநிலங்களில் நிலக்கொடைச் சட்டத்தின் கீழ் வரும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மாநில அரசுகளிடமிருந்து வந்திருக்க வேண்டிய 1,200 கோடி டாலருக்கு மேல் வராமல் போனது என்று 2023இல் மத்திய அரசே அந்த மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தப் பணம் வராததன் அர்த்தம் இந்த மாதிரி பேனல்கள்தான்.

கருவி வந்து இறங்கியபோது லாரிக்காரர் பெட்டியை லோடிங் டாக்கிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், ஏனென்றால் ஆர்டரில் ‘உள்ளே கொண்டுவந்து வைப்பது’ என்ற வரியை யாரோ வெட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் போர்த்திக் காவல் காத்தோம். எங்கள் எலக்ட்ரீஷியன் ஒருவர், பெரிய மனுஷர், பக்கத்து அறையில் யாரும் தொடாத பழைய உலையின் மின் லைனைக் கண்டுபிடித்து இழுத்துக் கொடுத்திராவிட்டால் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

கருவியைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்றவிடும் சில்லர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன், நல்லதாகப் போயிற்று. எங்கள் கட்டடத்தில் குளிர்காலம் வந்தால் சிக்கனத்துக்காகக் குளிர்நீரை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் எக்ஸ்ரே குழாய் அணைந்துவிடும். அதனால் தனி சில்லர் கேளுங்கள், அதையும் கருவியின் கொட்டேஷனுக்குள்ளேயே ஒரு வரியாகப் போடச் சொல்லுங்கள், அப்போது அதுவும் உபகரணக் கணக்கில் சேர்ந்து இன்டைரக்ட் காஸ்ட் (நிர்வாகச் செலவுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் பங்கு) பிடித்தம் இல்லாமல் போகும். மாநிலக் கதிரியக்கப் பிரிவில் பதிவு செய்வதையும் பெட்டி வரும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் நாள் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க சிலிக்கான் பவுடரை வைத்து ஓட்டினோம். வர வேண்டிய 28.44 டிகிரியிலேயே பீக் வந்து நின்றதும் என் இளங்கலை மாணவி கத்தியே விட்டாள். இத்தனை நாள் அவள் தன் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தவள்.

சர்வீஸ் கான்ட்ராக்ட்டைப் பற்றி ஒன்று. ஆர்டரில் கையெழுத்து விழும் முன்பே பல வருடத்துக்குச் சேர்த்துப் பேரம் பேசுங்கள், அதற்கப்புறம் கம்பெனிக்காரர் ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டார்.