நம்பத்தகாத டெவலப்பரும் 45 நாள் வெட்டும்

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் போகும் முன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கிளாஸைக் கையில் வாங்கக்கூட இல்லை, வாய்க்கால்மேட்டு மாமா போனை நீட்டி, "தம்பி, எனக்கும் போட்டு உடுங்" என்றார். பின்னால் நின்றிருந்தவர் அவர் தோளைத் தட்டி, "நானு ஏழாம் நெம்பருங். நீங்க பதினொன்னு. வரிசைல வாங்க" என்றார்.

என்ன நம்பர், என்ன வரிசை என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரேஷன் கடைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோமோ என்று போர்டைப் பார்த்தேன். டீக்கடைதான்.

எல்லாம் அப்பாவின் தேங்காய்க் கணக்கில் ஆரம்பித்தது.

அப்பாவிடம் ஒரு டைரி உண்டு. ஏதோ உரக்கடைக்காரர் கொடுத்த 2011ஆம் வருட டைரி. அதில்தான் இன்னும் கணக்கு ஓடுகிறது. தேதியை அடித்து மேலே புதுத் தேதி எழுதுவார். 45 நாளைக்கு ஒரு வெட்டு, எத்தனை காய் விழுந்தது, மரம் ஏறினவர் கூலி, உரித்தவர் கூலி, வியாபாரி சும்மா கேட்ட லாபக்காய், கடைசியில் கைக்கு வந்தது. இதைப் போனில் போட்டுக் கொடுத்தால் மனுஷன் நிம்மதியாக இருப்பாரே என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

நான் கழித்துப்போட்ட ஐபோன்தான் அவரிடம் இருந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு சின்ன ஆப் எழுதினேன். பச்சைப் பொத்தானைத் தொட்டால் நூறு காய் ஏறும். அவர் எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார். ஆகையால் முதல் எண் இருக்க வேண்டிய இடத்தில் "லாபம்" என்றே வரும்படி வைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் பெருமை உண்டு.

நாம் எழுதினதை நம் வீட்டு ஐபோனில் ஏற்ற 2015க்கு முன்னால் ஆப்பிள் கம்பெனிக்கு வருடத்துக்கு 99 டாலர் கட்டியாக வேண்டியிருந்தது. அந்த வருடம் வந்த எக்ஸ்கோடு 7இல்தான் (ஆப் எழுத அவர்கள் தரும் மென்பொருள்) காசு கட்டாதவனும் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஆனது. ஆனால் ஓசி அனுமதிக்கு ஆயுசு 7 நாள். எட்டாம் நாள் ஆப்பைத் தொட்டால் "இனி கிடைக்காது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதிப் பழகுகிறவன் ஓட்டிப் பார்க்க ஒரு வாரம் தாராளம். 45 நாளைக்கு ஒரு முறை காய்க்கிற கணக்கை எவனாவது இதில் ஏற்றுவான் என்று அவர்கள் கண்டார்களா?

முதல் தடவை ஏற்றின நாளை மறக்க முடியாது. நாமே எழுதின ஆப் ஓடப் போனில் டெவலப்பர் மோடு என்று ஒன்றைத் திறக்க வேண்டும். 2022இல் வந்த ஐஓஎஸ் 16லிருந்து இது கட்டாயம், போனையே ஒரு தரம் அணைத்து எழுப்ப வேண்டும். அணைந்ததும் அப்பா, "போச்சா?" என்றார். எழுந்ததும் "வந்துருச்சா?" என்றார். வந்தது. ஆப்பைத் தொட்டேன். திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. அப்பா கண்ணாடி போட்டிருக்கவில்லை. அம்மா வாங்கி எழுத்துக்கூட்டி, "அன்... டிரஸ்டெட் டெவலப்பர்" என்று வாசித்துவிட்டு, அப்படியென்றால் என்ன கண்ணு என்று கேட்டாள்.

"நம்பத்தகாத டெவலப்பர்னு அர்த்தம்மா."

அப்பா போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "இதத்தான நா இருவது வருசமாச் சொல்றேன்."

அமைப்புகளுக்குள் போய், என்னை நம்புவதாக அப்பாவின் விரலாலேயே ஒரு பொத்தானை அழுத்த வைத்தேன். அழுத்தும் முன் யோசித்தார் பாருங்கள். பத்தாவது ரிசல்ட் அன்றைக்குக்கூட அவ்வளவு நேரம் யோசிக்கவில்லை.

அதன்பிறகு ஞாயிறு தோறும் லேப்டாப்பும் கேபிளுமாகக் கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி. டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போடுகிற மாதிரி போய், ஆப்பைத் திரும்ப ஏற்றிப் போனுக்கு ஒரு குத்து குத்திவிட்டு வருவேன். இரண்டு ஞாயிறு போகமுடியவில்லை, ஒன்று கல்யாணம், ஒன்று சோம்பல். சரியாக அதற்கு அடுத்த வெள்ளி வெட்டு. களத்தில் காய் மலையாகக் கிடக்கிறது, வியாபாரி நிற்கிறார், உரிக்கிற ஆட்கள் நிற்கிறார்கள், அப்பா மடியிலிருந்து போனை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பச்சைப் பொத்தானைத் தொட... காலை ஆறே முக்காலுக்கு எனக்குப் போன்.

"ஏஞ்சாமி, உன்ற கணக்கு செத்துப் போச்சு."

உள்ளே இருப்பது அழியாது, திரும்ப ஏற்றினால் அப்படியே வரும் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீ எழுதுனது, என்ற போனு, என்ற தேங்கா. நடுவால இதுக்கு ஆரு சாமி பர்மிசன் குடுக்கறது?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் டைரி பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அவர் டைரியை நிறுத்தவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ரோஷம் வந்துவிட்டது. 99 டாலர் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம் காசுக்கு எட்டாயிரத்துச் சொச்சம். கட்டினால் அனுமதி ஒரு வருடத்துக்கு நிற்கும். எட்டு வெட்டு தாங்கும்.

அங்கேதான் பெயர்ச் சிக்கல் வந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எந்தக் காலத்திலோ ஆப்பிளில் கணக்குத் தொடங்கும்போது இரண்டாவது கட்டத்தில் இனிஷியலைப் போட்டிருந்தேன், ஒற்றை எழுத்து. இப்போது அரசு அட்டையில் உள்ளபடி முழுப் பெயர் வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசென்ஸில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஒரே ஆள்தான், ஆனால் மூன்று அட்டையையும் வரிசையாக வைத்தால் அண்ணன் தம்பி மூன்று பேர் மாதிரி இருக்கும். பத்து வருடம் முன்பே ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டியது, என் தப்பு. கடைசியில் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரை முழுசாக எழுதினேன். நான்கு நாளில் உறுப்பினர் ஆக்கிவிட்டோம் என்று மெயில் வந்தது.

அந்த மெயிலை அப்பாவிடம் காட்டியதுதான் நான் செய்த அடுத்த நல்ல காரியம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். என் பெயரைத் தாண்டிப் போனார். தன் பெயரில் நின்றார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

"என்ற பேரு போட்டிருக்கறான்."

"ஆமாங்ப்பா, கடைசிப் பேருன்னு கேட்டான்."

"கடைசின்னா?"

"முக்கியமான பேருங்ப்பா." வேறு என்ன சொல்வது?

ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அம்மா பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறார் என்றாள். மத்தியானமே காட்டியாகிவிட்டது.

பேச்சுவாக்கில் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தேன். இந்த ஆப்பிள் கணக்கில் வருடத்துக்கு 100 ஐபோன் வரை பதிந்துகொள்ளலாம் என்று. பதிந்த ஒன்றை நடுவில் நீக்கினாலும் அந்த இடம் வருடம் திரும்பும்வரை காலியாகாது என்பதையும், அதெல்லாம் சோதித்துப் பார்க்கத்தானே ஒழிய ஊருக்கு விநியோகம் பண்ண அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் காதில் விழுந்தது நூறு மட்டும்.

ஆக, டீக்கடை. "அப்பா பேர்ல கம்பெனி ஆரம்பிச்சிட்டீங்களாமா, நூறு பேருக்குத்தானாமா" என்றார் பதினொன்றாம் நம்பர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா திண்ணையில் அதே 2011 டைரியோடு உட்கார்ந்திருந்தார். பின் அட்டைக்கு முந்தின பக்கத்தில் கோடு போட்டு, நம்பர், பெயர், தோட்டம், மரம் எத்தனை என்று எழுதியிருந்தார். மொத்தம் பதினேழு பேர். நான்காம் நம்பர், சாட்சாத் அந்த லாபக்காய் வியாபாரி.

"இவருக்கு எதுக்குங்ப்பா?"

"அவனும் கணக்குப் பாத்தாத்தான கண்ணு, எத்தன காயி சும்மா வாங்கறான்னு அவனுக்கே தெரியும்."

இது சோதனைக்கு மட்டும்தான் என்று மறுபடி ஆரம்பித்தேன். "நாங்களும் சோதிச்சுத்தான் பாக்கறம், ஆரு இல்லேங்கறா" என்றார்.

சரி, இவர்களில் ஐபோன் வைத்திருப்பது யார் யார் என்று கேட்டேன். அப்பா பட்டியலை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிக்கொண்டு வந்தார். முதல் நம்பரில் அவர் பெயரே இருந்தது. அங்கே ஒரு டிக் போட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"மத்தவியெல்லாம் அந்த இன்னொரு போனு. அதுக்கு எவ்வளவு கட்டோணும்?"