பேரிடர் மருத்துவக் குழு: பெயர்ப் பட்டியலை நம்பாதீர்கள்

தன்னார்வ மருத்துவக் குழுவுக்கு ஆள் சேர்க்கக் கிளம்பினால் பெயர்கள் மளமளவென வந்துவிடும். ஆனால் மருத்துவமனையில் வேலை பார்ப்பவரைப் பேரிடர் நாளில் அவருடைய மருத்துவமனையே முதலில் கூப்பிடும். அதனால் எங்கள் படிவத்தின் முதல் கேள்வி, "அன்றைக்கு உங்களை வேறு யார் அழைப்பார்கள்?" என்பதுதான். இதைக் கேட்டதும் பட்டியல் சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவோர் ஓய்வுபெற்றவர்கள், சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவர்கள், பகுதிநேரச் செவிலியர்கள். ஷிப்டுக் கணக்கை இவர்களை வைத்தே போடுங்கள்.

சான்றிதழ் நகல் வாங்கி ஃபைலில் போட்டால் போதாது. பதிவெண்ணை மருத்துவ, செவிலியர் கவுன்சில் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். ஆண்டுதோறும் மறுபடியும் பாருங்கள். தடுப்பூசி விவரமும் அதே தாளில் இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி-யின் மூன்று தவணை முடிய வழக்கமாக 6 மாதம் ஆகும். வெள்ளம் வந்தபின் அதைத் தொடங்கிப் பயனில்லை.

அழைப்புக்கு வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. செய்தியைப் பார்த்தவரெல்லாம் வருவார் என்று எண்ண முடியாது. ஒருவர் ஐந்து பேருக்குப் போன் செய்து, "வருகிறேன்" என்று வாயால் சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். செல்போன் கோபுரமே விழுந்துவிட்டால் எங்கே கூடுவது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். ஒத்திகையை முன்னறிவிப்பின்றி இரவில் வையுங்கள்.

அதிகம் சறுக்குவது காயம்பட்டோரை வகைபிரிக்கும் இடத்தில். 1980களில் கலிபோர்னியாவில் உருவான ஸ்டார்ட் முறை எளிமையானது. நடக்க முடிந்தவர்களை முதலில் ஒதுக்கிப் பச்சை அட்டை கட்டுங்கள். மற்றவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆனாலோ, சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலோ சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை வேண்டியவர். இருட்டிலும் குளிரிலும் நகச் சோதனை ஏமாற்றும். மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா என்று பாருங்கள். மூச்சே இல்லையென்றால் மூச்சுப்பாதையைத் திறந்து பாருங்கள். திரும்பினால் சிவப்பு, திரும்பாவிட்டால் கறுப்பு, அதாவது இறந்தவர் அல்லது காப்பாற்ற முடியாதவர். மூத்த மருத்துவர்கள் முதல் ஆளிடமே சிகிச்சையைத் தொடங்கி நின்றுவிடுவார்கள். பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள். வகைபிரிக்கும் வேலையை ஆம்புலன்ஸ் பணியாளரிடமோ அனுபவமுள்ள செவிலியரிடமோ கொடுங்கள். மருத்துவர் சிவப்புப் பகுதியில் இருக்கட்டும்.

சில நாளில் காயங்கள் குறைந்து, ரத்த அழுத்த மாத்திரையையும் இன்சுலினையும் தொலைத்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஐஸ்கட்டி மேல் நேராகப் படுத்தி உறையவிட்டால் வீண். நன்கொடையாக மூட்டைமூட்டையாக வரும் மருந்துகளைப் பிரிக்கவே ஒரு மருந்தாளுநர் வேண்டும். பல முகாம்களில் டாக்டரைவிட அவருக்கே தட்டுப்பாடு.