இரண்டு பஞ்சாங்கம், ஒரு வருஷம்

எங்கள் வீட்டுப் பூஜையறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள். ஒன்று ஊரிலிருந்து வரும் தமிழ்க் காலண்டர். இன்னொன்று பசவனகுடியில் வாங்கும் கன்னடப் பஞ்சாங்கம். நமக்குச் சூரியனை வைத்து மாதம் பிறக்கிறது, அவர்களுக்கு அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. அதனால் அவர்கள் கார்த்திகை வேறு, நம் கார்த்திகை வேறு. என் மாமியார் செஞ்சிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு எங்களோடு வந்துவிட்ட புதிதில், "நாள் கிழமையே பிடிபடலையேம்மா" என்று தவித்துப் போனார்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்தக் கோயிலுக்கு எப்போது கிளம்புவது என்று சொல்வது அத்தைதான்.

தை முதல் நாளில் அந்த வித்தியாசம் இல்லை. சூரியன் மகரத்துக்கு வருவது எல்லோருக்கும் பொதுதானே. காலையில் வீட்டில் பொங்கல். பக்கத்து வீடுகளிலிருந்து எள்ளு பெல்ல வரும். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை கலந்தது. நாங்கள் பொங்கல் கொடுத்தனுப்புவோம். சாயங்காலம் கவிபுரம் கங்காதரேஸ்வரர் கோயில்.

அது குடைவரைக் கோயில். மற்ற நாட்களில் உள்ளே பட்டப்பகலிலும் அரையிருட்டுதான். சுவாமியைச் சுற்றி வரத் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். வெளியே முற்றத்தில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய திரிசூலமும் உடுக்கையும், பெரிய வட்டத் தகடு போல சூரிய பானம், சந்திர பானம் என்று இரண்டும் நிற்கின்றன. சங்கராந்தி மாலையில் வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, நந்தியின் இரு கொம்புகளுக்கும் நடுவே போய் லிங்கத்தின் மேல் விழுகிறது. சில நிமிஷங்கள்தான். கூட்டத்தில் உள்ளே நிற்க முடியாது என்பதால் வெளியே திரையில்தான் பார்த்தோம். முதலில் பீடம் பொன்னிறமானது. அப்புறம் வெளிச்சம் மெல்ல மேலேறியது. பாலாபிஷேகம் நடந்துகொண்டிருக்க, வழிகிற பாலிலும் வெயில் மின்னியது. "ஹர ஹர மஹாதேவா" என்று மொத்தத் தெருவும் ஒரே குரலில் எழுந்தபோது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதேவிட்டார்கள்.

"இன்னிக்கு மட்டும் எப்படிப்பா கரெக்டா விழுது?" என்று மகன் கேட்டான். அவன் அப்பா பொறுமையாகச் சொன்னார்: டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தெற்கே கடைசி எல்லைக்குப் போய்த் திரும்புகிறது. போகும்போது எந்த இடத்தைக் கடந்ததோ, வரும்போதும் அதைக் கடந்தாக வேண்டும். அதனால் நவம்பர் கடைசியிலும் இதே போல வெயில் உள்ளே வரும். அந்தச் சமயத்தில் போனால் நெரிசல் இல்லாமல் நின்று பார்க்கலாம். கல்லைக் குடைந்தவர்கள் வானத்தையும் அளந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கன்னடச் சைத்திர மாதப் பௌர்ணமி இரவு கரகம் பார்க்கப் போவோம். அது இந்த ஊரின் திருவிழா என்றுதான் நான் நினைத்திருந்தேன். திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயில் வாசலுக்கு வந்ததுமே அத்தை, "இது நம்ம திரௌபதையம்மாடி!" என்றார்கள். செஞ்சிப் பக்கம் ஊருக்கு ஊர் தீமிதியும் பாரதக் கூத்துமாக அம்மனைக் கொண்டாடுபவர்கள், அவர்களுக்குத் தெரியாதா? நள்ளிரவு தாண்டி, பெண் வேஷம் தரித்த பூசாரி மல்லிகைக் கரகத்தைத் தலையில் ஏந்தி, கையால் தொடாமல் வருகிறார். சுற்றிலும் வாளோடு வீரகுமாரர்கள். வழியில் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வருகிறது. கோவிந்தா கோஷத்தைத் தூக்கக் கலக்கத்திலும் விடாமல் சொன்னாள் என் சின்னவள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஹனுமந்தநகர் குமாரசுவாமி. வீட்டுக்குப் பக்கம், படியேறிப் போய்வந்துவிடுவோம்.

தசரா லீவில் காட்டி சுப்ரமண்யா கோயில். ஏறக்குறைய 60 கிலோமீட்டர், தொட்டபள்ளாப்பூர் தாண்டிப் போக வேண்டும். முன்புறம் சுப்ரமணியர், அதே சிலையின் பின்புறம் நரசிம்மர். பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதில்தான் நரசிம்மரைச் சேவிக்க வேண்டும். கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வேண்டுதலுக்கு வைத்த நாகர் கற்கள், மஞ்சளும் குங்குமமுமாக.

இத்தனைக்கும் மேல் பிள்ளைகள் காத்திருப்பது கடலைக்காய் பரிஷெ என்கிற வேர்க்கடலைத் திருவிழாவுக்குத்தான். கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை, பசவனகுடி தொட்ட பசவண்ணர், அதாவது பெரிய நந்தி, கோயிலில். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலைக் காடு. ஒரு காளை வந்து விளைச்சலை மேய்ந்துகொண்டே இருந்ததாம். விவசாயிகள் நந்திக்குக் கோயில் எழுப்பி, முதல் விளைச்சலை உனக்கே தருகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள் என்பது ஐதீகம். கோயில் கெம்பேகௌடர் கட்டியது. சுமார் 15 அடி உயரத்துக்கு ஒரே கல்லில் படுத்திருக்கும் அந்த நந்தியைப் பார்த்தால், ஒரு காடு கடலையைத் தின்றிருக்கும் என்றுதான் தோன்றும்.

2025-ல் ஓர் அதிசயம். அவர்களுடைய கார்த்திகைக் கடைசித் திங்களும் நம்முடைய கார்த்திகை முதல் தேதியும் நவம்பர் 17 அன்று சேர்ந்தே வந்தன. அத்தை ஒரு மாதம் முன்பே கண்டுபிடித்து, எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். சோமவாரம் வேறு. அன்று காலைதான் மாலை போட்ட ஐயப்ப சாமிகளும் கூட்டத்தில் இருந்தார்கள்.

புல் டெம்பிள் ரோடு முழுக்க இரண்டு பக்கமும் கடலைக் குவியல். பச்சை, வறுத்தது, வேகவைத்தது. செம்மண் ஒட்டியிருந்த பச்சைக் கடலையை அத்தை கையில் எடுத்துக் குலுக்கினார்கள், காதருகே வைத்துக் கேட்டார்கள், ஓட்டை நசுக்கிப் பருப்பின் பால் பதத்தைப் பார்த்தார்கள். அதைப் பார்த்ததுமே வியாபாரி தமிழில், "எந்த ஊரும்மா?" என்றார். அவருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கமாம். இருவரும் மழையைப் பற்றியும் ஆள்கூலியைப் பற்றியும் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகள் வறுகடலையில் பாதியைக் காலி செய்திருந்தார்கள். சேர்க் கணக்கில் அளந்து போட்டுவிட்டு, மேலே இரண்டு கை அள்ளி, "சாமிக்கு வெச்சிடும்மா" என்றார்.

அந்த இரண்டு கையை அத்தை முந்தானையில் தனியாக முடிந்துகொண்டார்கள். முதலில் தொட்ட கணபதி, அப்புறம் பசவண்ணர். வரிசை நகர நேரமாயிற்று. சன்னதிக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து, சின்னவளின் இரண்டு கையிலும் கடலையை நிரப்பி, "நீ குடுடி கண்ணு" என்றார்கள். அர்ச்சகர் வாங்கி நந்தியின் முன்னால் சேர்த்துவிட்டு, ஒரு பிடியைப் பிரசாதமாகத் திருப்பித் தந்தார். அந்த வாரம் செஞ்சிக்குப் போன உறவுக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்பினோம், அத்தை வீட்டுக் கொல்லையில் விதைக்கச் சொல்லி.