அம்புக்குறியும் அடுத்த பாகமும்

வீடியோ கேம்களின் அடுத்தடுத்த பாகங்கள் எல்லோரையும் ஈர்க்கும் நோக்கில் நீர்த்துப்போகின்றனவா என்ற கேள்விக்கு, கற்பனை உலகில் நாமே ஒரு பாத்திரமாக உலவும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டு வரிசையைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அவ்வரிசையில் 2002இல் வந்த மாரோவிண்டில், நம் பாத்திரம் வளர்த்துக்கொள்ளக்கூடிய 27 திறன்கள் இருந்தன. 2006இல் ஆப்லிவியனில் அவை 21 ஆகி, 2011இல் ஸ்கைரிமில் 18 ஆகச் சுருங்கின. வலிமை, அறிவு போன்ற அடிப்படைப் பண்புகளும், நாமே மந்திரங்களை உருவாக்கும் வசதியும் ஸ்கைரிமில் அறவே நீக்கப்பட்டன.

எண்ணிக்கை குறைந்ததைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. வாள் எதிரியின் மேல் பட்டது கண்ணுக்குத் தெரிந்தும், உள்ளே ஓடும் கணக்கு 'படவில்லை' என்று தீர்ப்புச் சொல்லும் மாரோவிண்டின் சண்டைமுறையை (அதன் தீவிர ரசிகர்கள் மன்னிக்கவும்) கைவிட்டது நல்லதே. வழிகாட்டும் அம்புக்குறி வந்ததுதான் என் வருத்தம். மாரோவிண்டின் தொடக்கத்தில், பால்மோரா நகருக்குப் போய், சவுத் வால் என்ற மதுக்கடையில் விசாரித்து, ஓர் ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தெருத்தெருவாக அலைந்துதான் அவர் வீட்டைப் பிடிக்க வேண்டும். ஆப்லிவியனிலிருந்து திசைகாட்டியில் தெரியும் குறியைப் பின்தொடர்ந்தாலே போதும் என்றாகிவிட்டதால், பாத்திரங்கள் வழி சொல்ல வேண்டிய தேவையே குறைந்து, குறியைப் பார்க்காமல் ஆட விரும்புபவருக்கு, விளையாட்டு தரும் பல பணிகளில் துப்பே கிடைப்பதில்லை.

விற்பனைக்கு இதெல்லாம் அவசியம் என்ற வாதத்தை, அத்தகைய பணிக்குறிகள் இல்லாமலேயே 2022இல் வெளிவந்து ஏறத்தாழ ஓராண்டில் 2 கோடிப் பிரதிகள் விற்ற எல்டன் ரிங் என்ற வேறொரு விளையாட்டுக்குப் பிறகு ஏற்பது கடினம்.